மூன்றாவது குடம்

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தெரியாமல் இல்லை. என் கையாலேயே அரசாங்கக் காகிதத்தில் எழுதிய பெயர்தான். அதற்கு முன்னால் ஒரு தடவை எழுதாமல் விட்ட பெயரும் அதுதான். ஆனால் தன்னைப் பற்றி இன்னொருவர் வாய் திறப்பது அவருக்கு ஆகாது. "என் பேர நான் சொல்லிக்கிறேன், உனுக்கு இன்னாத்துக்கு?" என்பார். அதனால் பெயர் அவரிடமே இருக்கட்டும்.

மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூர்க் குளத்துக்குப் போகும் குறுக்குத் தெரு ஒன்றில், புங்க மரத்தடியில் அவருடைய இஸ்திரி வண்டி நின்றது. நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாற்பதைத் தாண்டிய பெண். கட்டையான உடம்பு, முழங்கைவரை கரிப்புகை ஏறிய கை. வலது கை பெட்டியை ஓட்ட, இடது கை அதற்கு முன்னால் ஓடிச் சுருக்கத்தை நீவிக்கொண்டே போகும். கைக்கு இருந்த அந்தப் பதவிசு வாய்க்குக் கிடையாது.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போகிற வழியில் என் புடவைகளை வண்டியில் வைத்துவிட்டு நகரப் பார்த்திருக்கிறார்.

"மடிப்பு எப்டி வேணும்?"

"எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னா? பொடவ உன்னுதா அவங்களுதா? கட்டிக்கிறவங்களயே எடுத்தாரச் சொல்லு."

வீட்டுக்காரர் திரும்பி வந்து மூட்டையை என் மடியில் போட்டார். "உனக்கு வேற இஸ்திரிக்காரா ஆம்பிடலையா?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸைத் தவறவிட்டதற்கும் சேர்த்து என்னை முறைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு மடிப்பா எட்டு மடிப்பா என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. ஒரு மாநகராட்சிப் பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் புடவையின் மடிப்பைப் பற்றி எனக்கே ஒரு கருத்தும் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அவர் சிறைக்குப் போய் வந்தவர் என்பது தெருவுக்கே தெரியும். அந்த வண்டியே முதலில் அவருடைய புருஷனுடையது. குடிப்பான், அடிப்பான். ஒரு நாள் அவன் கை ஓங்கியபோது இவர் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. அவன் பிழைக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு மேல் வேலூரில் இருந்துவிட்டு வந்து, அதே மரத்தடியில், அதே தொழிலில் நின்றார். முதல் சில மாதங்கள் அவரிடம் துணி கொடுக்கவே பலருக்குக் கை வரவில்லையாம். எதிர் வீட்டு அம்மாள் ஒருவர், "அந்தப் பெட்டி தொட்ட துணிய எப்படிடி கட்டிக்கறது" என்று நேரிலேயே சொல்லிவிட்டார். இவர் பெட்டியைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

"பெட்டி இன்னாமா பண்ணுச்சி? பண்ணது நானு."

கோர்ட்டிலும் அப்படித்தான். அவருடைய அண்ணன் அலைந்து திரிந்து ஒரு வக்கீலைப் பிடித்திருந்தார். புருஷனே கால் தடுக்கி விழுந்து பெட்டி மேலேயே மண்டை அடிபட்டது என்று சொல்லச் சொல்லி வக்கீல் பாடம் நடத்தியிருந்தார். ஜட்ஜ் கேட்டதும் இவர், "அடிச்சேன். சாவணும்னு அடிக்கல, ஆனா அடிச்சேன்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் அதை மறக்கவே இல்லை. "அன்னிக்கு என் பேச்ச கேட்டிருந்தா ஒரு நாள் உள்ள போயிருக்க மாட்டா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அதில் உண்மையும் இருக்கலாம். அவர் தங்கைக்காக நாய்போல் அலைந்தவர், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த அண்ணன் ஒரு கட்சியில் எங்கள் வட்டத்துப் பொறுப்பாளர். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை, எல்லாக் கட்சியிலும் அப்படி ஒருவர் உண்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. நோட்டில் ஆட்கள் பெயர் இருக்காது, குடும்பங்கள்தான் இருக்கும். 'தச்சர் வீடு, ஆறு. பால்காரர் வீடு, மூணு.' குடும்பத் தலைவரிடம் பேசினால் போதும், மிச்சம் எல்லாம் தானாக விழும் என்பது அவர் சித்தாந்தம். தெருமுனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால், "குடும்பம் ஒன்றாக இருந்தால் ஓட்டு ஒன்றாக இருக்கும், ஓட்டு ஒன்றாக இருந்தால் நாடு ஒன்றாக இருக்கும்" என்பார். கை தட்டுவார்கள்.

எங்கள் வீட்டில் மைக் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஓட்டுப் போடும் நாள் காலையில் மாமனார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நம்மாத்து ஓட்டு அஞ்சும் இந்தத் தடவை இன்ன சின்னத்துக்கு" என்று அறிவிப்பார். அவர், மாமியார், என் வீட்டுக்காரர், மைத்துனன், நான். வரிசையாகப் போய், வரிசையாகப் போட்டுவிட்டு வருவோம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அதை ஒரு குறையாக நினைத்ததுகூட இல்லை.

வாக்காளர் பட்டியலைத் திருத்தும் வேலை அந்த வருஷம் எங்கள் ஆசிரியர்கள் தலையில் விழுந்தது. எனக்குக் கொடுத்த பகுதியில் எங்கள் தெருவும் பக்கத்துக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பும் இருந்தன. அண்ணன் வீடு அங்கே இரண்டாவது மாடி. நாற்காலி போட்டு உட்கார வைத்து, கலர் சோடா வாங்கிவரச் சொல்லி, அவரே பெயர்களைச் சொன்னார். அவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். நாலு.

"அவங்க?" என்றேன். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த தங்கையின் முதுகு தெரிந்தது.

"அத்த வுடுங்க டீச்சர். அது உள்ள இருந்துட்டு வந்தது. அதுக்கு ஓட்டு கெடையாது."

ஈரக் கையோடு அவர் வெளியே வந்தார். "நானு கீறேன். எழுது டீச்சர்."

இங்கேதான் நான் தவறு செய்தேன். பயிற்சி வகுப்பில், சிறையில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை என்று சொல்லியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த வகுப்பு. 'இருப்பவர்' என்பது எனக்குள்ளே எப்போது 'இருந்தவர்' ஆயிற்று என்று தெரியாது. குடும்பத் தலைவரே சொல்கிறார், நமக்கும் அப்படித்தான் நினைவு, பிறகென்ன என்று நினைத்தேன். "சட்டத்துல இடமில்லைம்மா" என்றேன், ஏதோ சட்டத்தை நானே எழுதியவள் மாதிரி.

"எந்தச் சட்டம்? காட்டு."

என்னிடம் பேனாவும் படிவமும்தான் இருந்தன. நாலு பெயருக்குக் கீழே அண்ணன் கையெழுத்துப் போட்டார். நான் கலரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் புடவைகளோடு போனபோது அவர் மூட்டையைத் தொடவில்லை.

"உனுக்கு இஸ்திரி கெடையாது."

"ஏன்?"

"சட்டத்துல எடமில்ல."

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வேறு வண்டிக்குப் போயிருக்கலாம், வீம்புக்குப் போகவில்லை. ஒரு வாரம் கசங்கிய புடவையோடு பள்ளிக்கூடம் போனேன். தலைமை ஆசிரியை, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். எட்டாம் நாள் லீவு போட்டுவிட்டு மண்டல அலுவலகத்துக்கே போய்விட்டேன். தேர்தல் பிரிவில் இருந்த அதிகாரி அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"உள்ள இருக்கற வரைக்கும்தாம்மா கிடையாது. வெளிய வந்துட்டா எல்லாரையும் போல உண்டு. யாரு சொன்னாங்க இல்லைன்னு?"

நான்தான் சொன்னேன் என்று சொல்ல அந்த நேரத்தில் எனக்குத் தைரியம் இல்லை.

வண்டிக்குப் போய்ச் சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் என் கையிலிருந்த பையை வாங்கி, ஒரு புடவையை உதறிப் பலகையில் விரித்தார். அதுதான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் விடவில்லை.

"அப்ப உள்ள கீறவளுங்களுக்கு இன்னாத்துக்கு இல்ல?"

"தண்டனைல இருக்காங்க இல்லையா…"

"என்கூட இருந்தாளுங்க பாதிப் பேரு. கேஸே முடியல. குத்தம்னு எவனும் சொல்லல. அவுங்களுக்கும் இல்ல. வெளிய ஜாமீன்ல சுத்தறவனுக்கு கீது. இது இன்னா ஞாயம்?"

அவர் தேய்த்துக்கொண்டே சொன்னார். உள்ளே இருந்தபோது ஒரு தேர்தல் வந்ததாம். சோறு போட வந்த வார்டரம்மா விரலில் மை. அதைப் பார்த்துக்கொண்டே சோறு வாங்கினார்களாம். மறுநாள் இவர்களே குவளைகளை வரிசையாக வைத்துப் புளியங்கொட்டையில் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

"யாரு ஜெயிச்சாங்க?"

"நான் போட்ட ஆளு தோத்துட்டான்" என்று சிரித்தார். தோற்றதில்கூட அத்தனை சந்தோஷம்.

பெயர் சேர்க்கும் படிவத்தை நான் நிரப்பினேன், அவர் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து வேலூரில் கற்றுக்கொண்டது, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். பத்து நாளில் ஆட்சேபணை வந்தது. கொடுத்தவர் அண்ணன். 'மேற்படி நபர் எங்கள் முகவரியில் வசிக்கவில்லை.' சட்டம் கைவிட்டதும் முகவரியைப் பிடித்துக்கொண்டார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. குடும்பம் குடும்பம் என்று மைக்கில் பேசுகிறவர் வீட்டுப் பட்டியலில் தங்கையின் பெயர் ஏறினால் எதிர்க்கட்சிக்காரன் சும்மா விடுவானா? அதோடு, தங்கை அண்ணன் சொல்கிற சின்னத்தில் போடப்போவதில்லை என்பதும் ஊருக்கே தெரியும். நோட்டில் 'எங்கள் வீடு, நாலு' என்று எழுதியது ஐந்தாகாது, நாலும் ஒன்றும் என்றாகிவிடும்.

அன்று மாலையே அண்ணன் வண்டியடிக்கு வந்து சத்தம் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"கொலகாரி ஓட்டு வாங்கித்தான் எங்க கட்சி ஜெயிக்கணும்னு தலையெழுத்து இல்ல. புரிஞ்சுதா?"

இவர் பெட்டியை நிறுத்தவில்லை. பலகையில் விரிந்திருந்தது அண்ணனுடைய வேட்டி.

"கொலகாரி தேச்ச வேட்டிய கட்டிக்கினு போய் ஓட்டு கேக்கறியே, அத்து மட்டும் பரவால்லியா?"

அண்ணன் பாதி தேய்த்த வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார். நாலே நாளில் அதே வேட்டி அவர் மனைவி கையில் திரும்பி வந்தது. அடுத்த தெரு இஸ்திரிக்காரன் கரையில் பொசுக்கிவிட்டிருந்தான்.

விசாரணைக்கு நானும் போக வேண்டியிருந்தது. என் தவறை எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்தேன். மாமனார் தடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, குடும்பத்துக்கு ஒரு மனசுதான் இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நம்பியவர்.

"யாரோ ஒருத்திக்காக உன் வேலைல நீயே கறுப்புப் புள்ளி வெச்சுக்கணுமா? குத்தம் பண்ணினவால்லாம் ஓட்டுப் போட ஆரம்பிச்சா நாடு என்னத்துக்கு ஆகும்?"

"குத்தம் பண்ணினவா எலெக்‌ஷன்ல நிக்கறா, நாமதானே அவாளுக்கு ஓட்டுப் போடறோம்" என்றேன். அந்த வீட்டில் நான் எதிர்த்துச் சொன்ன முதல் வாக்கியம் அது. மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

அண்ணன் பக்கத்தில் சாட்சிக்கு அவருடைய மனைவி. நான் அந்த அம்மாள் பேசி அதுவரை கேட்டதில்லை. அதிகாரி என் கடிதத்தைப் படித்தார். கணக்கெடுக்கப் போனபோது தங்கையை அந்த வீட்டுக்குள்ளே பார்த்தேன், சட்டம் தெரியாமல் நான்தான் விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ரேஷன் கார்டுல பேர் இருக்கா?" என்று இவரைக் கேட்டார்.

"உள்ள போனப்ப அண்ணன் எடுத்துட்டாரு. கார்டுலேந்துதான் எடுத்தாரு. வூட்ல கீறேன்."

"வூட்ல இல்ல சார்" என்றார் அண்ணன். "எங்கியோ படுத்துக்கினு எங்கியோ துன்னுக்கினு கீது. டீச்சர் வந்த அன்னிக்கு சும்மா வந்திருந்தது. வேணும்னா இவளக் கேளுங்க."

அதிகாரி அந்த அம்மாளைக் கேட்டார்.

"லாரித் தண்ணிக்கு எங்க வூட்டுக்கு மூணு கொடம் சார்" என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"நாலு பேரு வரைக்கும் ரெண்டு கொடம். அஞ்சு பேருன்னா மூணு. எங்க பிளாக்ல அதான் முறை. இது உள்ளேந்து வந்தப்போ, எங்க வூட்ல இப்ப அஞ்சு பேருன்னு இவருதான் எல்லாரு கைலயும் சண்ட போட்டு மூணாவது கொடம் வாங்கிக் குடுத்தாரு. இன்னிக்கும் காலைல மூணு கொடம் புடிச்சோம். புடிச்சது இதுதான்."

அதிகாரி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது தண்ணிக்கு சார். இது ஓட்டுக்கு."

"தண்ணிக்கு இருக்கறவங்க ஓட்டுக்கு எங்கய்யா போயிடுவாங்க?" என்று சொல்லிவிட்டு அதிகாரி எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்து மூன்று பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். ஒரே பஸ்ஸில்தான் ஏறினார்கள், வேறு என்ன செய்வது? ஒரே வீட்டுக்குத்தானே போக வேண்டும். இவர் இறங்குகிறவரை அண்ணியின் கையை விடவே இல்லை என்று பின்னால் ஏறிய எனக்குத் தெரியும்.

எனக்கு மெமோ வந்தது. அந்தத் தேர்தலில் பூத் வேலையும் போடவில்லை. அது தண்டனை என்று நினைத்திருப்பார்கள்.

அதனால்தான் அந்த நாளைப் பார்க்கக் கிடைத்தது. நாங்கள் ஐந்து பேரும் வழக்கம்போல ஊர்வலமாகப் போனோம். மாமனார் காலையிலேயே சின்னத்தைச் சொல்லியிருந்தார். பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் மாமியார், அவருக்கு முன்னால் இவர். முறுக்காகக் கஞ்சி போட்ட நீலப் புடவை, எட்டு மடிப்பு. உள்ளே கட்சி ஏஜெண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் அண்ணன். மடியில் பட்டியல், கையில் பேனா. பூத் அலுவலர் பெயரைச் சத்தமாகப் படித்தால் ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் டிக் அடிக்க வேண்டும்.

"பேரு?" என்று கேட்டார் அலுவலர்.

அவர் அலுவலரைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்துத் திரும்பி, தன் பெயரை, தகப்பன் பெயரை, வீட்டு நம்பரைச் சொன்னார். பள்ளிக்கூட வராந்தா வரைக்கும் கேட்டது. மற்ற ஏஜெண்டுகள் டிக் அடித்தார்கள். அண்ணன் பேனா அசையவில்லை.

"டிக் அடிண்ணா. பின்னால லைன் நிக்குது."

அண்ணன் அடித்தார்.

அவர் விரலை நீட்டி மை வாங்கிக்கொண்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, அட்டை மறைப்புக்குள் போனார். அவசரப்படவே இல்லை. என் முறை வந்தபோது, மாமனார் சொன்ன சின்னத்தின் மேல் கொண்டுபோன முத்திரையைத் தூக்கி, எனக்குத் தோன்றிய இடத்தில் குத்தினேன்.

கேட்டுக்கு வெளியே அவர் மை காய விரலை ஊதிக்கொண்டு நின்றார். இத்தனை செய்தவள் என்ற உரிமையில், "யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அத்த கேக்கறதுக்கு நீ யாரு டீச்சர்?" கோபமே இல்லாமல்தான் கேட்டார். பிறகு விரலைப் பார்த்துக்கொண்டு, "என்கூட இருந்தவ ஒருத்தி இன்னும் அங்கதான் கீறா. அவளுக்கு எப்போ?" என்றார். இன்றைக்கும் சட்டம் அதே இடத்தில்தான் நிற்கிறது.

வீட்டில் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மாமனார் வழக்கம்போலக் கேட்டார். "எல்லாரும் சரியா போட்டேளோன்னோ?"

"நான் சொல்ல மாட்டேன்பா" என்றேன்.

வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார். மாமனார் பிசைந்த சாதத்தை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். அதற்குள், ரசப் பாத்திரத்தோடு நின்றிருந்த மாமியார், "நானும் சொல்றதா இல்லை" என்று சொல்லிவிட்டு அவருக்கு ரசம் விட்டார்.

மறுநாள் காலை வண்டிக்குப் போய் அதைச் சொன்னேன். அவர் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். பேசும்போது அவர் பெட்டியை நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். என் பையைக் கிளறி, மாமியாரின் ஒன்பது கஜப் புடவையை மட்டும் தனியே எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இத்த நாளைக்கு அந்தம்மாவயே எடுத்தாரச் சொல்லு. மடிப்பு எப்டி வேணும்னு கேக்கணும்."